கேமராவுக்குப் போட்ட காசைக் கேமராவே சம்பாதிக்குமா?

பொருநைக்கரை | 9 ஜூன் 2024, இரவு 10.40

வணக்கம். ஊர் திருநெல்வேலி. ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கேனான் 1500டி வாங்கினேன். அப்புறம் 50 எம்எம் லென்ஸ், அப்புறம் தூரத்தில் இருப்பதை எடுக்க 55-250 லென்ஸ், அப்புறம் ட்ரைபாட், பை, வடிகட்டிக் கண்ணாடி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கூட்டிப் பார்த்தால் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஊர்க் கணக்கையெல்லாம் எழுதுகிறவனுக்கு இந்த ஒரு கணக்கை மட்டும் வீட்டில் காட்டத் தைரியம் வரவில்லை.

போன வாரம் வீட்டம்மாவே கேட்டுவிட்டாள். "ஞாயித்துக்கிழமையானா விடியுமுன்ன எந்திரிச்சு ஓடுதீங்களே, அதுல பத்து பைசா வந்திருக்கா?" வரவில்லைதான்.

வேலையை விடப்போவதில்லை. கல்யாணத்துக்கு எடுக்க எனக்குப் பயம். கையில் இருப்பதெல்லாம் கூந்தன்குளம் பறவைகள், தாமிரபரணிப் படித்துறைகள், பொதிகைப் பக்கத்து மேகங்கள். ஹார்டு டிஸ்கில் பதினோராயிரம் படம் தூங்குகிறது. ஸ்டாக் தளங்கள் என்று, நம் படத்தை ஏற்றி விற்கிற இணையதளங்கள் இருக்கின்றனவே, அவற்றில் போட்டால் காசு வருமா? லாபம்கூட வேண்டாம், லென்ஸ் காசு திரும்பினால் போதும். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆர்வக்கோளாறு | 9 ஜூன், இரவு 10.52

எனக்கும் இதே கேள்விதான். துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறேன்.

நொய்யல்காரன் | 10 ஜூன், காலை 6.15

ஸ்டாக் பற்றி நான் சொல்கிறேன் அண்ணா. கோவையிலிருந்து 2015 முதல் போட்டு வருகிறேன். ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், அலமி மூன்றிலும் சேர்த்து 1,900 படம் இருக்கிறது. போன வருஷம் முழுக்க வந்தது 212 டாலர். மாசத்துக்கு ஒன்றரை ஆயிரம் ரூபாய்கூட முழுசாக இல்லை. ஒன்பது வருஷம் கழித்து இந்த நிலைமை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

ஷட்டர்ஸ்டாக்கில் 2020 ஜூனில் நமக்குத் தரும் பங்கின் கணக்கை மாற்றினார்கள். விற்ற தொகையில் நமக்கு 15 முதல் 40 சதவீதம், ஆறு படிநிலை. அந்த வருஷம் எத்தனை படம் இறங்கியதோ (டவுன்லோட் ஆனதோ) அதை வைத்துப் படி ஏறலாம். ஆனால் ஜனவரி 1 வந்தால் எல்லாரும் மறுபடி முதல் படியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பரமபதத்தில் வருஷா வருஷம் தொண்ணூற்றொன்பதில் பாம்பு கடித்த கதை. ஒரு இறக்கத்துக்குக் குறைந்தபட்சம் பத்து சென்ட். அடோபியில் படத்துக்கு 33 சதவீதம், 25 டாலர் சேர்ந்தால்தான் கையில் எடுக்கலாம். முதல் 25 டாலர் சேர எனக்கு பதினான்கு மாசம் ஆனது.

இதையெல்லாம் விட எனக்கு உறைத்தது, எது விற்றது என்பதுதான். வால்பாறைப் பனி, ஊட்டி ரயில், பேரூர்க் குளத்தில் சூரியன் என்று உயிரைக் கொடுத்து எடுத்ததெல்லாம் கிடையில் கிடக்கிறது. இதுவரை அதிகமாக விற்ற மூன்றைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். ஒன்று, வெள்ளை சார்ட் பேப்பரில் வைத்த நான்கு முருங்கைக்காய். இரண்டு, 2016 நவம்பரில் எங்கள் தெரு ஏடிஎம் வாசலில் நின்ற வரிசை. மூன்று, தண்ணீர் தெளித்த வெறும் வாழை இலை. சாப்பாடு இல்லை, வெறும் இலை. வாங்குகிறவர்கள் அந்தக் காலி இடத்தில் 'பொங்கல் வாழ்த்து' எழுதிக்கொள்கிறார்கள். சாப்பாடு பரிமாறி எடுத்த இலை ஒன்றுகூடப் போகவில்லை.

இன்னொன்று. அடோபி 2022 டிசம்பரிலிருந்து ஏஐ படங்களையும் வாங்கிக்கொள்கிறது, ஏஐ என்று குறிப்பிட்டால் போதும். கெட்டி இமேஜஸ் என்கிற இன்னொரு தளம் அதே வருஷம் செப்டம்பரிலேயே கூடாது என்று சொல்லிவிட்டது. ஆக, 'பனிமூட்டம், மலை, தனிமரம்' என்கிற சங்கதிக்கெல்லாம் இனி விடியற்காலையில் எழுந்து ஓட ஆள் தேவையில்லை. ஊர் பேரும் தேதியும் போட்டு இன்ன இடத்தில் இது நடந்தது என்று காட்டும் படம்தான் கொஞ்சமாவது நிற்கிறது. அதைச் செய்திப் பயன்பாட்டுக்கு என்று தனியாகப் போடுவார்கள். அதில் முகம் தெரிந்தாலும் பாதகமில்லை. விளம்பரத்துக்குப் போகிற படத்தில் ஒரு முகம் தெரிந்தால் அவர் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாள் வேண்டும்.

போன டிசம்பரில் உங்கள் ஊரில் வந்த வெள்ளத்தின் படம் உங்களிடம் இருக்கிறதா அண்ணா? அன்றைக்கே ஏற்றியிருந்தால் போயிருக்கும்.

பொருநைக்கரை | 10 ஜூன், இரவு 9.05

தம்பி, ரொம்ப நன்றி. இவ்வளவு பச்சையாக யாரும் சொன்னதில்லை.

வெள்ளப் படம் 43 இருக்கிறது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் மூடிய படம்கூட இருக்கிறது. ஆனால் அதில் பாதி எங்கள் மாடியிலிருந்து எடுத்தது. கீழே எதிர்வீட்டு ஆச்சியின் கட்டில் மிதந்து போகிறது. கேமராவைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டுத்தான் அவர்களைத் தூக்கிவர ஓடினேன். அந்தப் படத்துக்குத் தலைப்பும் குறிச்சொல்லும் எழுத இன்றுவரை கை வரவில்லை. இருக்கட்டும், விட்டுவிடுகிறேன்.

முருங்கைக்காய் எங்கள் கொல்லையில் காய்த்துத் தொங்குகிறது.

ஸ்டூடியோ அண்ணாச்சி | 11 ஜூன், மதியம் 2.30

அம்பாசமுத்திரம் பக்கம் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இந்த மாதிரித் திரியைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும், மன்னிக்கவும். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வருமானம் போனில் போய்விட்டது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா எல்லாம் 'எங்க மச்சான்கிட்ட நல்ல கேமரா இருக்கு' என்று போய்விட்டன. மிச்சம் இருப்பது கல்யாணம். அதிலும் ஞாயிற்றுக்கிழமைப் புகைப்படக் கலைஞர்கள் சோற்றுக்கும் பெட்ரோலுக்கும் வந்து எடுத்துக் கொடுத்தால் நாங்கள் கடை வாடகைக்கு எங்கே போவது?

பொருநைக்கரை, நீங்கள் கல்யாணத்துக்குப் பயம் என்றீர்கள். அந்தப் பயத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் கேமராவில் மெமரி கார்டு போட ஒரே ஒரு இடம்தான். எனக்கே 2011இல் நடந்தது. கெட்டிமேளம் முழங்கி, மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை பறந்து, எல்லாம் பத்து விநாடி. வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கிறது கம்ப்யூட்டர். அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொன்ன நாளை இன்னும் மறக்கவில்லை. பாதிக்கு மேல் மீட்டு எடுத்தோம், தாலி மட்டும் வரவில்லை. அன்றிலிருந்து ரெண்டு கார்டு விழும் கேமரா இல்லாமல் மேடை ஏறுவதில்லை. உங்களைப் போன்ற ஆட்கள் தனியாக ஒத்துக்கொள்ளாமல், எங்களோடு ரெண்டாவது கேமராவாக வாருங்கள். முகூர்த்த நாளைக்கு நான் 2,500 கொடுக்கிறேன். சாப்பாடு பந்தியில்.

பிறகு ஒன்று. நான் எடுத்த படத்துக்கு நான்தான் சொந்தக்காரன். இப்போதெல்லாம் 'ரா ஃபைல் (திருத்தாத மூலப் படம்) முழுசையும் கொடு' என்று கேட்கிறார்கள். கொடுக்கவே கூடாது.

வாய்தா | 11 ஜூன், மாலை 4.10

> நான் எடுத்த படத்துக்கு நான்தான் சொந்தக்காரன்.

கோபிக்காதீர்கள் அண்ணாச்சி. நம் நாட்டில் அது அப்படி இல்லை. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 பாருங்கள். பொதுவாகப் படம் எடுத்தவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்து 'எனக்கு எடுத்துக் கொடு' என்று சொல்லி எடுத்த புகைப்படமென்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாத பட்சத்தில், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். மாதச் சம்பளத்தில் வேலையின் பகுதியாக எடுத்தால் அது முதலாளிக்குப் போகிறது. அதனால் மணப்பெண் படத்தைக் கடை போர்டில் பெரிசாக ஒட்டுகிறீர்களே, அதற்கு ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்வது உங்களுக்கு நல்லது. ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது.

பொழுதுபோக்காகத் தன் இஷ்டத்துக்கு எடுத்த படத்துக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது முழுக்க அவருடையது. ஆயுள் முழுக்க, அதன் பிறகு 60 வருஷம். 2012 திருத்தத்துக்கு முன்னால் புகைப்படத்துக்கு மட்டும் வெளியான நாளிலிருந்து 60 என்று குறைவாக இருந்தது.

ஸ்டூடியோ அண்ணாச்சி | 11 ஜூன், மாலை 4.45

இருபத்திரண்டு வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லையே வக்கீல் சார். போர்டில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். ஒருத்திக்கு இப்போது ரெண்டு பிள்ளைகள்.

சுங்குடி | 12 ஜூன், இரவு 11.20

பிள்ளைகள் தூங்கின பிறகுதான் எழுத முடிகிறது. நான் மதுரை. கேமரா விஷயத்தில் பெரிய ஆள் இல்லை, நானும் 1500டிதான். ஆனால் மாசம் ஆறாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் வரை வருகிறது. ஸ்டாக் இல்லை, கல்யாணம் இல்லை. சேலை.

எங்கள் பக்கத்தில் வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சுங்குடிச் சேலை விற்கும் பெண்கள் ஏகப்பட்ட பேர். அவர்கள் போனில் எடுத்துப் போடும் படத்தில் அரக்கு செங்கல்லாகத் தெரியும், மாம்பழ மஞ்சள் எலுமிச்சையாகத் தெரியும். சேலை போய்ச் சேர்ந்ததும் 'கலர் வேற' என்று திருப்பி அனுப்புவார்கள். போக வரத் தபால் செலவு விற்கிறவள் தலையில். என் அண்ணிக்கு ஒரே மாசத்தில் ஏழு சேலை திரும்பி வந்தது. அதிலிருந்துதான் தொடங்கினேன். அழகாக எடுப்பதற்கு யாரும் காசு தரமாட்டார்கள் என்று எனக்கு அப்போது புரிந்தது. திரும்பி வராத சேலைக்குத் தருவார்கள்.

செய்வது இவ்வளவுதான். வடக்குப் பார்த்த ஜன்னல் உள்ள அறை, காலை பத்திலிருந்து பன்னிரண்டு. ட்யூப் லைட்டை அணைத்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் வெளிச்சமும் கலந்தால் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை அடிக்கும், கடவுளே வந்தாலும் திருத்த முடியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு தெர்மாகோல் பலகை, நாற்பது ரூபாய். சேலையை இஸ்திரி போட்டே ஆக வேண்டும், மடிப்புக்கோடு தெரிந்தால் பழசு என்று நினைப்பார்கள். முதல் படத்தில் ஒரு சாம்பல் நிற அட்டையைச் சேலைமேல் வைத்து எடுத்துக்கொள்வேன், அதை வைத்துக் கம்ப்யூட்டரில் எல்லாப் படத்துக்கும் நிறத்தைச் சரிசெய்வேன். கடைசியில் படத்தையும் சேலையையும் பக்கத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். முடிச்சுப் புள்ளி அருகில் தெரிகிற மாதிரி ஒன்று, முந்தி ஒன்று, கட்டினால் எப்படி விழும் என்று ஒன்று. அரக்குச் சேலைதான் பெரிய வில்லன். கேமரா அதை எப்போதும் கொஞ்சம் சிவப்பாக்கிவிடும்.

ஒரு படத்துக்கு 120 ரூபாய். மூன்று சேலை வரை இலவசமாக எடுத்துக் கொடுத்தேன், நான்காவதிலிருந்து காசு. இந்த 'மூன்று வரை' என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் காலத்துக்கும் இலவசமாகவே எடுக்கச் சொல்வார்கள்.

பொருநைக்கரை அண்ணே, உங்கள் ஊரில் என்ன விற்கிறார்கள் என்று கேமராவை வைத்துவிட்டு ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

நாரை | 13 ஜூன், காலை 5.50

கூட்டத்தோடு கோவிந்தா போட மனம் வரவில்லை. கூந்தன்குளம் போகிறவர் சேலை எடுக்கப் போக வேண்டுமா? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ரெண்டு வருஷம் பறவைப் படங்களைக் காசாக்கப் பார்த்தேன். எந்தப் பறவை விற்கும், எந்தக் கோணம் விற்கும் என்ற கணக்கு மண்டையில் ஏறியதும் ஒரு நாள் வேடந்தாங்கலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, நத்தைகுத்தி நாரைதானே, ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்று கேமராவைத் தூக்காமலே வந்தேன். நத்தை ஓட்டை அது எப்படித் திறக்கிறது என்று பார்க்கத்தான் நான் முதன்முதலில் அங்கே போனவன். இன்னொரு பக்கம், 'தெளிவான படம்' வேண்டும் என்று கூட்டுக்கு முன்னாலுள்ள கிளையை ஒடித்துவிட்டு எடுக்கிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிழல் போன கூட்டில் குஞ்சு வெயிலில் செத்துப்போகும்.

போட்டிகளுக்கு அனுப்பலாம் என்பார்கள். சோனி உலகப் புகைப்பட விருதுக்கு அனுப்பக் கட்டணம் இல்லை. 1857இல் தொடங்கிய மெட்ராஸ் புகைப்படச் சங்கம் இன்னும் இருக்கிறது, அங்கே நாலு நல்ல கண்கள் உங்கள் படத்தைப் பார்க்கும். ஆனால் '200 ரூபாய் கட்டினால் எல்லாருக்கும் சான்றிதழ்' என்று முகநூலில் வருவதெல்லாம் சான்றிதழ் வியாபாரம். விதிமுறையில் 'அனுப்பும் எல்லாப் படங்களின் உரிமையும் எங்களுக்கே' என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

சுங்குடி | 13 ஜூன், மதியம் 1.15

நாரை சார் சொல்வதில் ஞாயம் இருக்கிறது. ஆனால் எனக்குச் சேலை வேலையும் பிடித்துத்தான் செய்கிறேன். கோலம் எடுப்பதுதான் என் பொழுதுபோக்கு, அதை விற்பதில்லை. ரெண்டையும் ஒரே ஃபோல்டரில்கூடப் போடுவதில்லை.

ஆர்வக்கோளாறு | 13 ஜூன், இரவு 8.00

கோயில் படம் விற்கலாமா? சிற்பம் எல்லாம் அள்ளி வைத்திருக்கிறேன்.

வாய்தா | 13 ஜூன், இரவு 8.40

எந்தக் கோயில் என்பதைப் பொறுத்தது. கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் மாதிரித் தொல்லியல் துறை வசம் இருப்பவற்றில் 2018 முதல் படம் எடுப்பதற்கான தடை பெரும்பாலும் இல்லை, ட்ரைபாட் வைக்க அனுமதி வாங்க வேண்டும். வழிபாடு நடக்கும் மற்ற கோயில்களில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை செல்போனுக்கே தடை போடச் சொல்லிவிட்டது, கேமராவை நினைக்கவே வேண்டாம். கருவறை பக்கம் எங்கேயும் திருப்பாதீர்கள்.

ஆர்வக்கோளாறு | 14 ஜூன், காலை 7.30

நன்றி சார். அப்புறம் இந்த டாலருக்கெல்லாம் வரி உண்டா? பத்து சென்ட்டுக்குமா?

பொருநைக்கரை | 14 ஜூன், இரவு 9.30

அப்பாடா, எனக்குத் தெரிந்த ஒரு கேள்வி வந்தது.

பத்து சென்ட்டும் வருமானம்தான் தம்பி, சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அமெரிக்கத் தளம் என்றால் டபிள்யூ-8பென் என்று ஒரு படிவம் கேட்கும். பயந்துபோய் விட்டுவிடாதீர்கள். அதில் பான் எண்ணைப் போட்டு இந்தியா என்று குறித்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி உரிமத்தொகையில் அங்கே 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் 30 போய்விடும். பிடித்ததை இங்கே கழித்துக்கொள்ளவும் ஒரு படிவம் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு வருஷம் 20 லட்சம் தாண்டினால்தான். நம்மில் யாருக்கும் அந்தக் கவலை வராது என்று நினைக்கிறேன்.

நொய்யல்காரன் | 14 ஜூன், இரவு 9.41

கண்டிப்பாக வராது அண்ணா.

பொருநைக்கரை | 8 டிசம்பர் 2024, இரவு 9.15

ஆறு மாசம் கழித்துப் பழைய திரியை எழுப்புகிறேன். கணக்குச் சொல்லாமல் போனால் தப்பு.

ஸ்டாக்கில் 140 படம் ஏற்றினேன், 61 நிராகரிப்பு. முக்கால்வாசி நான் ஆசைப்பட்ட சூரிய உதயங்கள். இருட்டில் புள்ளி புள்ளியாக இருக்கிறதாம். முருங்கைக்காய் மூன்று தடவை விற்றது. மொத்த வருமானம் 43 சென்ட். வீட்டம்மாவிடம் காட்டினேன், "காய் மார்க்கெட்லயே கூட கிடைச்சிருக்கும்" என்றாள்.

ஸ்டூடியோ அண்ணாச்சியோடு ஆவணியில் ரெண்டு முகூர்த்தம் போனேன். சொன்ன காசு கொடுத்தார், சொன்ன மாதிரி பந்தியும். தாலி கட்டும்போது என்னை மேடைக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டார், அதற்கு எனக்கு நன்றிதான்.

ஆனால் எழுத வந்தது இது. மதுரை அக்கா சொன்ன மாதிரி கேமராவை வைத்துவிட்டு நடந்து பார்த்தேன். என் சேக்காளி ஒருவனுக்குப் பத்தமடையில் சொந்தம், வீட்டில் ரெண்டு தறி. கோரைப்பாய். முதல் நாள் போய் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். பாய் பிளாஸ்டிக் மாதிரி வந்தது. நெய்கிற அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பாயைத் தன் பக்கம் இழுத்துத் தடவிப் பார்த்தார்கள். அதுவே போதுமாக இருந்தது எனக்கு.

மறுவாரம் போய் ட்யூப் லைட்டை அணைத்து, ரெண்டு ஜன்னலில் ஒன்றைப் போர்வை போட்டு மூடினேன். பாயைத் தரையில் விரித்து, ஒரே பக்கமிருந்து வெளிச்சம் தரையோடு தரையாகப் படுகிற மாதிரி வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கோரைக்கும் மயிரிழை அளவுக்கு ஒரு நிழல். சிவப்புக் கரைக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, பெண் பேரை நெய்திருந்தார்கள், கிட்டே போனால் எழுத்தின் வளைவு படி படியாக ஏறி இறங்குகிறது. லென்ஸ் துளையை எஃப் 8 அளவில் வைத்து, ட்ரைபாடில், மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். இந்தத் தடவை அந்த அம்மா கேமராத் திரையைப் பெரிதாக்கச் சொல்லி, "இந்த இடத்துல நூல் ஒண்ணு தளர்ந்திருக்கு" என்று கண்டுபிடித்தார்கள்.

பதினான்கு படம், 150 வீதம் 2,100. முதல் மூன்று இலவசம் என்று சொல்ல வாய் வரவில்லை, அவர்களே சட்டென்று எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்துக் கருப்பட்டி மிட்டாய் போடுகிற ஒருவர் கூப்பிட்டார், அப்புறம் ஒரு ஊறுகாய்க்காரர். கல்யாணத்து ஐயாயிரத்தையும் சேர்த்து இன்றைய தேதிக்கு 12,350 ரூபாய் 43 சென்ட். 50 எம்எம் லென்ஸ் காசு திரும்பிவிட்டது. 55-250 இன்னும் கடனில் இருக்கிறது, அது கூந்தன்குளத்துக்கு என்று எழுதித் தள்ளிவிட்டேன். வரித்தலை வாத்து வந்துவிட்டதாம், வருகிற ஞாயிறு போகிறேன் நாரை சார்.

பாய்ப் படம் ஒன்றை இங்கே போட்டிருக்கிறேன், கேட்டுத்தான் போட்டேன்.

வாய்தா | 8 டிசம்பர், இரவு 9.50

எழுதி வாங்கினீர்களா?

பொருநைக்கரை | 8 டிசம்பர், இரவு 9.58

ரசீதின் பின்பக்கத்தில் சார்.

சுங்குடி | 8 டிசம்பர், இரவு 11.35

அண்ணே, படம் அருமை. அந்தச் சிவப்பு நேரிலும் இதே சிவப்புதானா? தையில் என் தங்கச்சிக்குக் கல்யாணம். பேர் போட்ட பாய் என்ன விலை, எத்தனை நாளுக்கு முன்னால் சொல்லணும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ஸ்டூடியோ அண்ணாச்சி | 9 டிசம்பர், காலை 6.20

எனக்கும் ஒன்று.